பின் ரூம் காற்று

போன டிசம்பரில் தம்பி ஊருக்கு வந்தபோது, பெட்டியில் சாக்லேட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைக் கருவி இருந்தது. பிரஷர் பார்க்கிற மிஷின் என்று நினைத்து அம்மா கையை நீட்டினாள். "இது உனக்கில்லம்மா, வீட்டுக்கு" என்றான். வீட்டுக்கு என்னடா பிரஷர் என்று அவள் கேட்டதற்கு அவனிடம் சட்டென்று பதில் இல்லை. அது அவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

தம்பி இங்கிலாந்தில் கார்ன்வாலில் நர்ஸாக இருக்கிறான். அந்தப் பக்கம் தரைக்கடியில் நிறைய கிரானைட். வீடு பார்க்கும்போது கரண்ட், தண்ணீர் பற்றிப் பேசுவதுபோல, மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ரேடான் என்ற கதிரியக்க வாயு பற்றியும் பேசுவார்களாம். அவன் கொண்டுவந்த வெள்ளைக் கருவி அளப்பதும் அதைத்தான். இரண்டு பிளாஸ்டிக் டப்பா தபாலில் வரும்; ஒன்றை ஹாலிலும் ஒன்றைப் படுக்கை அறையிலும் மூன்று மாதம் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் முடிவு வரும். கன மீட்டருக்கு 200 பெக்கரலைத் (இந்த அளவின் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) தாண்டினால் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்கிறது அந்த ஊர் அரசு. அவன் குடியிருக்கும் வீட்டுக்கு ஓனர் ஏற்கெனவே தரைக்கடியிலிருந்து ஒரு குழாய் போட்டு வைத்திருந்தார். "அந்தக் குழாயைப் பாத்ததும் நம்ம பின் ரூம் ஞாபகம் வந்துச்சுக்கா" என்றான்.

எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. மலையில் வீடு கட்டுவதென்றால் முதலில் மண்ணை வெட்டித் தட்டு எடுக்க வேண்டும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த புதிதில் கையில் காசு இல்லாத அப்பா, வெட்டிய மண்திட்டை ஒட்டியே பின்சுவரை எழுப்பிவிட்டார். தனியாகத் தடுப்புச் சுவர் கட்டும் செலவு மிச்சம். அதனால் பின் ரூமுக்குத் தரையும் மண்ணோடு, ஒரு சுவரும் மண்ணோடு. ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று. காற்று அடிக்காததால் வீட்டிலேயே கதகதப்பான ரூம் அதுதான். கார்த்திகை பிறந்ததும் அம்மா பழைய நாளிதழைக் கிழித்து மைதாப் பசை தடவி ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டிவிடுவாள். தை முடிகிறவரை அதைப் பிரிக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

ரேடான் என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொல்ல நான் பட்ட பாட்டை இங்கேயும் படுகிறேன். பாறையிலும் மண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது பாதியாகக் குறைய 450 கோடி வருடம் ஆகும், அவ்வளவு நிதானம். அது சிதைந்து சிதைந்து வழியில் ரேடியம் ஆகிறது. ரேடியத்துக்கு 1,600 வருடம். ரேடியம் சிதைந்தால் ரேடான். அதுவரை எல்லாம் கல்லோடு கல்லாகக் கிடந்தவை, ரேடான் மட்டும் வாயு. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. எதனோடும் லேசில் ஒட்டாது. பாதியாகக் குறைய 3.8 நாள். மண் இடுக்கு வழியாக ஏறி, தரை விரிசலைக் கண்டுபிடித்து வீட்டுக்குள் வர இந்த அவகாசம் தாராளம்.

ரேடானை மூச்சில் இழுத்தாலும் பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுவிடுவோம். தொந்தரவு அதன் பிள்ளைகளால். ரேடான் சிதைந்ததும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று அடுத்தடுத்து பிறக்கிறவை வாயு இல்லை. தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் போய் உட்காருகின்றன. சில நிமிடத்திலோ அரை மணியிலோ அவையும் சிதையும்போது ஆல்ஃபா துகள் என்ற கதிர்வீச்சு வெளியே வரும். ஆல்ஃபாவை ஒரு தாள் தடுத்துவிடும், மேல்தோல் தடுத்துவிடும். நுரையீரலுக்குள் அந்த மேல்தோல் இல்லை. 1988-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

வீட்டுக்குள் இது இவ்வளவு சேரும் என்று உலகம் அதிர்ந்தது 1984 டிசம்பரில். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். கதிர்வீச்சைச் சோதிக்கும் வாசலில் அவர் நின்றால் அலாரம் அடிக்கும். நிலையத்துக்குள் எங்கேயாவது பட்டிருக்கும் என்று பார்த்தால், காலையில் வேலைக்கு வரும்போதே அடிக்கிறது. கடைசியில் அவர் வீட்டைப் போய் அளந்தார்கள். கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 லட்சம் பெக்கரல். அணு உலைக்கு அவர் வீட்டிலிருந்து கதிர்வீச்சைக் கொண்டுபோயிருக்கிறார்! இந்தக் கதையைச் சொன்னதும் அம்மா அந்த மிஷினைச் சாமி படத்துப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டாள்.

பெக்கரல் என்றால் ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைவது. கன மீட்டர் என்றால் மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி கொள்ளும் அளவு. அந்தத் தொட்டி நிறையக் காற்று, அதில் நொடிக்கு நூறு ரேடான் அணு வெடித்தால் 100. உலக சுகாதார அமைப்பு 2009-ல் சொன்னது, முடிந்தால் 100-க்குள் வையுங்கள், முடியாத நாடுகளும் 300-ஐத் தாண்ட விடாதீர்கள் என்று. நூறு பெக்கரல் கூடக்கூட நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. நூறு பேரில் 16 பேருக்கு வரும் என்று இதை வாசித்துப் பயந்துவிடக் கூடாது. ஏற்கெனவே எவ்வளவு வாய்ப்பு இருக்கிறதோ அது 16 சதவீதம் பெருகும். புகை பிடிக்காதவருக்கு அந்த முதல் எண்ணே சின்னது. பிடிப்பவருக்குப் பெரியது, ரேடானால் அவருக்கு வரும் ஆபத்து பிடிக்காதவரைப் போல 25 மடங்கு.

நான் பாட்லீஃப் ஃபேக்டரியில், அதாவது விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரியில், கணக்கு எழுதுபவள். பச்சை இலை எத்தனை கிலோ, தூள் எத்தனை கிலோ என்று எண்களோடுதான் பொழுது போகிறது. ஆகவே கருவி காட்டுவதையும் பழைய லெட்ஜர் ஒன்றில் எழுத ஆரம்பித்தேன். முதல் வாரம் செய்தது தப்பு. காலண்டர் மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்திலேயே, சுவரை ஒட்டித் தொங்கவிட்டிருந்தேன். பழைய வீடுகளில் சுவர் மண் என்றால் அதிலிருந்து தோரான் என்று ரேடானின் பங்காளி ஒன்று வரும். தோரியத்திலிருந்து பிறப்பது, ஒரு நிமிடத்துக்குள் பாதி தீர்ந்துவிடும், சுவரை விட்டு அதிக தூரம் வரமுடியாது. சுவரோரம் கருவி வைத்தால் கணக்கைக் குழப்பிவிடும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்தில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தூரமாக வை என்று தம்பி சொன்னபிறகு ஸ்டூலுக்கு மாற்றினேன். முதல் வாரப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அப்புறம் எழுதியவை சுவாரசியமாக இருந்தன. பகல் இரண்டு மணிக்கு 90, 110. மாலை ஆறுக்கு மேல் ஏறும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு 400-ஐத் தொடும். உறைபனி விழுந்த ஒரு நாள் 460. காலையில் வாசல் கதவும் ரூம் கதவும் திறந்ததும் ஒரு மணி நேரத்தில் சரசரவென்று இறங்கும். ஜனவரி முழுக்கச் சராசரி போட்டால் 230. முன் ஹாலில் அதே மாதிரி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன், 70-தான். ஒரே வீடு, நடுவில் ஒரு கதவு.

ஒரு ராத்திரி எண்ணைப் பார்த்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது என்பது இதில் கற்றது. நம் நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவதும் மெதுவான முறைதான். எல்.ஆர்.115 என்று சிவப்பாக ஒரு செல்லுலோஸ் நைட்ரேட் ஃபிலிம். சின்னக் கிண்ணத்துக்குள் வைத்து மூன்று மாதம் வீட்டில் தொங்கவிடுவார்கள். ஆல்ஃபா துகள் பட்ட இடத்தில் ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும். பிறகு சூடான காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் காயம் ஓட்டையாகும், ஓட்டைகளை எண்ணுவார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழக இயற்பியல்காரர்கள் இந்த வகை ஃபிலிம்களோடு ஊட்டி, கூடலூர்ப் பக்கமெல்லாம் பல வருடம் முன்பே வீடு வீடாக அளந்திருக்கிறார்கள். கரித்தூள் டப்பா முறை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், ஆனால் ஈரக் காற்று அதற்கு ஆகாது, அளந்ததும் லேபுக்கு ஓட வேண்டும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நீலகிரிப் பாறைதான் காரணமா என்று ஃபேக்டரியில் கேட்டார்கள். இங்கே பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னை பரங்கிமலையிலிருந்து கொண்டுபோன கல் அது, அதனால் அந்தப் பெயர். பழனி மலைக்கும் இதே ஜாதிக் கல்தான். இதில் யுரேனியம் பொதுவாக கிரானைட்டை விடக் குறைவு. அதனால் நீலகிரி முழுக்க ஆபத்து என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நான் எழுதுவது ஒரு வீட்டின், அதிலும் ஒரு ரூமின் கணக்கு. பாறை கொஞ்சம் கொடுத்தாலும் வீடு அதைச் சேர்த்துவைக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம். இதற்கு ருசுவாக, எங்கள் ஃபேக்டரி மேனேஜரின் வெள்ளைக்காரன் காலத்து பங்களாவில் பத்து நாள் வைத்துப் பார்த்தேன். 20-ஐத் தாண்டவே இல்லை. அதே மண், அதே பாறை. பலகைத் தரை, தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி, சுற்றிலும் இரும்பு ஜாலி வைத்த காற்றுப் பொந்து. மரம் உளுத்துப்போகக் கூடாது என்று செய்தது ரேடானையும் வழியிலேயே காற்றோடு அனுப்பிவிடுகிறது. எலி வருகிறதென்று அந்தப் பொந்துகளை சிமெண்ட் வைத்து அடைப்பது இப்போது சில பங்களாக்களில் நடக்கிறது. செய்யாதீர்கள், கம்பி வலை அடியுங்கள்.

அம்மா ஒரு நாள் ராத்திரி, லைட்டை அணைத்த பிறகு கேட்டாள்: "அப்பா படுத்திருந்த ரூம்தானே புள்ள இது?"

அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. எது எவ்வளவு என்று அப்பாவைப் பொறுத்தவரை பிரித்துச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது என்று சொன்னேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த பேப்பரைத் தானே உரித்துப் போட்டிருந்தாள்.

ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று கேட்பீர்கள். பகலில் போதும். கோத்தகிரியில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் குளிர் மட்டுமா வரும்? கரடி வரும். கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைக்கிற ஊர் இது. சரி, ஜன்னல் வேண்டாம், விரிசலை அடைப்போம் என்று தரை ஓரம், சுவர் மூலை, பிளம்பிங் குழாய் ஏறும் இடம் எல்லாம் சிமெண்டும் சிலிக்கானும் வைத்து அடைத்தேன். 230 என்பது 200 ஆனது. அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை நாம் அடைக்கலாம், ரேடானுக்கு மயிரிழை போதும்.

அடுத்து செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கெட்ட காற்றை வெளியே தள்ளுவோம் என்று பின் ரூமில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். ரூம் கதவை அடைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் காலையில் 520! ஏன் என்பதில்தான் அம்மாவின் பிரஷர் கேள்வி இருக்கிறது. அடுப்பு எரிகிற வீட்டில் சூடான காற்று மேலே போய் ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறும். போன காற்றுக்குப் பதில் காற்று வேண்டும். வீடு அதைக் கீழேயிருந்து உறிஞ்சும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு உறிஞ்சும். அழுத்த வித்தியாசம் மூன்று நான்கு பாஸ்கல்தான், அதாவது மேசைமேல் நான்கைந்து வெள்ளைத் தாளை அடுக்கினால் மேசைக்கு எவ்வளவு பாரமோ அவ்வளவு. அது போதும், மண்ணுக்குள் இருக்கும் காற்று மேலே வர. ஜன்னலையும் கதவையும் அடைத்துவிட்டு நான் மாட்டிய ஃபேன் இந்த உறிஞ்சலைத்தான் கூட்டியிருக்கிறது. மண்ணுக்கு ஸ்ட்ரா போட்டுக் குடித்திருக்கிறேன்.

வழி சொன்னது எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணன். நான் லெட்ஜரைக் காட்டி விவரம் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் வாட்டுகிற தொட்டியைக் கைகாட்டினார். தேயிலை ஃபேக்டரி பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளத் தொட்டி, நடுவில் வலை, வலைமேல் பச்சை இலை, கீழே காலி இடம். ஒரு முனையில் ஃபேன் ஓடினால் காற்று அடியில் பரவி இலை முழுக்க ஏறும். "இதைத் திருப்பிப் போட்டா உங்க தரைதான். ஃபேன் மேல தள்றதுக்குப் பதிலா கீழேயிருந்து இழுக்கணும்" என்றார். கார்ன்வாலில் தம்பி வீட்டுக் குழாய் செய்வதும் இதேதான். வீட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடத் தரைக்கடியில் அழுத்தம் குறைவாக இருந்தால் காற்று மேலே வராது, கீழே போகும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். பின் ரூம் மூலையில் நாலு இஞ்ச் குழாய் இறங்கும் அளவு தரையை உடைத்தார். "கக்கூஸ் பைப்பாம்மா? இந்த ரூமுலயா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஓட்டை வழியாகக் கையை விட்டு நாலு வாளி செம்மண்ணை வெளியே எடுத்து, குழியில் முக்கால் ஜல்லி போட்டு, பி.வி.சி. குழாயை இறக்கி, சுற்றிலும் காற்றுப் புகாமல் பூசினோம். குழாய் சுவர் வழியாக வெளியே போய், பின்பக்கமாக ஏறிக் கூரைக்கு மேல் மூன்றடி. கோவையில் வாங்கிய குழாய் ஃபேன் சுவருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால், ஃபேனுக்கு மேலே எங்கேயாவது கசிந்தால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கொட்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மேஸ்திரி மட்டம் பார்க்க வைத்திருந்த ட்யூபில் ஒரு முழம் வெட்டி வாங்கி, யு மாதிரி வளைத்து, குங்குமம் கரைத்த தண்ணீர் ஊற்றி ஒரு முனையைக் குழாயில் சொருகினேன். ஃபேன் போட்டதும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது. ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 100 பாஸ்கல். வீட்டின் மூன்று நான்கு பாஸ்கலுக்கு முன்னால் அது மலை. அப்புறம் அம்மா ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு வந்தாள். எதிர்மூலையில், நான் வேண்டுமென்றே அடைக்காமல் விட்டிருந்த ஒரு விரிசலுக்கு மேலே பிடித்தாள். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை தயங்கியது, வளைந்தது, நூல் மாதிரி விரிசலுக்குள் இறங்கியது. "பூமாதேவி மூச்சு இழுக்கறா" என்றாள். பத்து நிமிடம் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் முழுக்கச் சராசரி 45. ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று ராத்திரி பார்த்தேன், பழையபடி ஏறியது. வெயில் காலம் வந்ததால் இறங்கியதில்லை, ஃபேனால்தான் என்று அதில் நிச்சயமானது. குறைகளும் உண்டு. குழாய் ஓரிடத்தில் தொய்ந்து, மண்ணின் ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகித் தேங்கி, நடுராத்திரியில் ஹூக்கா மாதிரி குடகுடவென்றது. குழாய் நெடுக மண்ணை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கரண்ட் போனால் சில மணி நேரத்தில் எண் ஏறும். அம்மாவின் பெரிய கவலை இலவச 100 யூனிட். 40 வாட் ஃபேன் இரண்டு மாதம் விடாமல் ஓடினால் 58 யூனிட் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "பாதிக்கு மேல அதுவே குடிக்குதே" என்றாள்.

தண்ணீரைப் பற்றியும் கேட்கிறார்கள். போர் தண்ணீரில் ரேடான் கரைந்து வரலாம், குளிக்கும்போதும் கொதிக்க வைக்கும்போதும் காற்றில் கலக்கும். ஆனால் தண்ணீரில் 10,000 பங்கு இருந்தால் வீட்டுக் காற்றில் 1 பங்கு கூடும் என்பது பொதுவான கணக்கு. முதலில் தரையைப் பாருங்கள். அதற்கும் முதலில், விறகு அடுப்புக்குப் புகைபோக்கி இல்லாத வீடாக இருந்தால் அதைப் பாருங்கள். கரி அடுப்பை மூடிய ரூமில் வைத்துக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு இருபது வருடம் காத்திருக்காது. புகை சூழ்ந்த சமையலறையை விட்டுவிட்டு ரேடானுக்கு ஃபேன் வாங்குவது, ஓட்டைக் கூரையின் கீழ் நின்று குடைக்குப் பூப்போடுவது போல.

கருவி இப்போது தெருவைச் சுற்றுகிறது. எங்களோடு ஒரு சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டில் வெறும் 60. இரண்டு தட்டு கீழே இருக்கும் வீட்டில் 150. இப்போது மேல்வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறது. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"புள்ள, 180 காட்டுது. வெளிய ஓடணுமா?"

"வேணாம் பெரியம்மா. ஒரு நாள் காட்டறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நோட்டுல எழுதி வைங்க, ஒரு மாசம் போகட்டும்."

"மழைக்காலமும் வரணுமில்ல?"

"ஆமா, அதையும் பாக்கணும்."

"அப்ப சரி, தூங்கறேன்" என்று வைத்துவிட்டார்.